ஒற்றை நட்சத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்: வால் மிக்ஸர், மழை ஷவர், ஒரு வாடகை பம்ப்

போன தை மாதம் ஒரு வால் மிக்ஸருக்கு (சுடுதண்ணியையும் பச்சைத் தண்ணியையும் கலந்து தருகிற, சுவரில் மாட்டும் குழாய்) ஒற்றை நட்சத்திரம் போட்டு, "ஷவரில் சுடுதண்ணியே வராது, காசைக் கரியாக்காதீர்கள்" என்று கோபமாக எழுதிவைத்தேன். அதைப் படித்துவிட்டு வாங்காமல் போனவர்கள் யாராவது இருந்தால் மன்னிக்கவும். மிக்ஸர் மேல் தப்பில்லை. தப்பு எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஒரு குக்கர் வேகாத துவரம் பருப்பும், கடையில் ஒரு பெரியவர் கேட்ட ஒரே ஒரு கேள்வியும் தேவைப்பட்டன.

ஆகவே இது திருத்தி எழுதியது. மிக்ஸர், கூடவே வாங்கிய எட்டு இஞ்ச் மழை ஷவர், பைப் சாமான்கள், நாள் வாடகைக்கு எடுத்த டெஸ்ட் பம்ப், இத்தனையும் கிடைத்த மேட்டுப்பாளையம் ரோட்டுக் கடை, எல்லாவற்றுக்கும் சேர்த்து. மிக்ஸர் கம்பெனி பெயரும் கடைப் பெயரும் வேண்டாம். ஒருமுறை பெயரைச் சொல்லித் திட்டிவிட்டு, இப்போது பெயரைச் சொல்லிப் புகழ்ந்தால் காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறேன் என்பார்கள்.

வீடு வடவள்ளியில். 2004இல் கட்டியது. அப்போது போட்ட ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்பு) உள்ளே துருப்பிடித்து, பாத்ரூம் சுவருக்குப் பின்னால் இருக்கும் படுக்கையறையில் ஈரம் படர ஆரம்பித்தது. ஏழுக்கு ஐந்து அடி பாத்ரூம். ஒரு பிளம்பர் வந்தார், கூலி மட்டும் பதினாலாயிரம் என்றார், ஒத்துக்கொண்டோம். முதல் நாள் பழைய டைல்ஸை எல்லாம் உடைத்துக் கொட்டினார். இரண்டாம் நாள் வரவில்லை. போன் செய்தால், "நாளைக்கு வந்தர்றேனுங்க்கா." ஒன்பது நாளைக்கு அதே நாளைக்கு. வீட்டுக்காரர் ஓசூரில் வேலை, மாதம் இரண்டு தடவைதான் வருவார். எழுபத்து மூன்று வயது அத்தை பக்கத்து வீட்டில் போய்க் குளித்துவிட்டு வருவதைப் பார்க்கச் சகிக்காமல், லீவில் வந்திருந்த பையனிடம் "நாமே போடலாம்டா" என்றேன். அவன் பி.காம். படிக்கிறான். நான் ஒரு பம்ப் கம்பெனியில் பதினெட்டு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். இருவருக்கும் சேர்த்துக் குழாய் வேலையில் இருந்த அனுபவம், சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றியது ஒன்றுதான்.

கடைக்குப் போனோம். முன் கவுண்டரில் இருந்த இளைஞர் கேள்வி கேட்டதும் பதில் சொன்னதும் பையனைப் பார்த்துத்தான். நான் கேட்டால் அவனைப் பார்த்துப் பதில். இதற்கே கடைக்கு அரை நட்சத்திரம் குறைத்திருக்கிறேன். அவன் பாவம், போனை நோண்டிக்கொண்டு நின்றான். பின்பக்கம், ஸ்பேர் பார்ட்ஸ் இருக்கிற பகுதியில், கழுத்தில் கண்ணாடியைக் கயிற்றில் மாட்டிக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். அவரிடம் போங்கள். "அம்மணி, சுவத்துல காடி வெட்டியாச்சுங்களா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. காடி என்றால் பைப்பைப் புதைக்கச் சுவரில் வெட்டுகிற பள்ளம். இல்லை என்றேன். "நல்லதாப் போச்சு. மொதல்ல மிக்ஸரை வாங்குங்க, பெட்டியைப் பிரிச்சு வச்சுட்டு அப்புறம் வெட்டுங்க."

இதன் அருமை போகப் போகத்தான் தெரிந்தது. நான் வாங்கியது பெண்ட் வைத்த வால் மிக்ஸர். கீழே வாளிக்கு ஒரு மூக்கு, மேலே வளைந்த ஒரு குட்டைக் குழாய். அந்த வளைவு சுவருக்குள் நுழைந்து, உள்ளே இருக்கிற பைப் வழியாக ஏழடி உயரத்தில் ஷவருக்குப் போகும். அதனால் மிக்ஸர் இருக்கிற இடத்தில் சுவரில் மூன்று பாயின்ட், அதாவது மூன்று பைப் வாய் வேண்டும். இடது கைப்பக்கம் சுடுதண்ணி, வலது பக்கம் பச்சைத் தண்ணி, இரண்டுக்கும் நடுவே மேலே பெண்டுக்கு ஒன்று. சுடுதண்ணிக்கும் பச்சைத் தண்ணிக்கும் நடுமையத்திலிருந்து நடுமையம் ஆறு இஞ்ச், அதாவது 150 மில்லிமீட்டர். இது பொதுவான அளவு. ஆனால் மேல் பாயின்ட் எவ்வளவு உயரத்தில் வர வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். சுவரை வெட்டிப் பூசி டைல்ஸும் ஒட்டிவிட்டு மிக்ஸர் வாங்கப் போனால், அந்த உயரத்துக்கு ஒத்துவரும் மாடலைத் தேடிக் கடை கடையாக அலைய வேண்டியதுதான்.

மிக்ஸர் 4,850 ரூபாய். கையில் எடுத்தாலே பித்தளைக் கனம் தெரிகிறது. கைப்பிடி கால் திருப்பில் திறந்து கால் திருப்பில் மூடுகிறது. உள்ளே பீங்கான் டிஸ்க் கார்ட்ரிட்ஜ். பழைய குழாய் மாதிரி இறுக்கி இறுக்கி வாஷரைத் தேய்க்கிற வேலை இல்லை. குறை என்றால் சுவரை ஒட்டி உட்கார்கிற ஃப்ளேஞ்ச் தகடு. பிஸ்கட் டப்பா மூடி மாதிரி மெலிசு. நாலாயிரத்துச் சொச்சம் வாங்கிவிட்டு அதில் ஏன் கஞ்சத்தனம் என்று புரியவில்லை. பெட்டிக்குள் இருந்த அளவுப் படம் எறும்பு சைஸ் எழுத்தில். பையன் போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் படித்தான்.

பைப்புக்கு ஆஷிர்வாத் சி.பி.வி.சி. (சுடுதண்ணி தாங்கும் பிளாஸ்டிக்), முக்கால் இஞ்ச், எஸ்.டி.ஆர். 11 (பைப்பின் கனத்தைக் குறிக்கிற எண்). பைப் மேலேயே ஐ.எஸ். 15778 என்று இந்தியத் தர எண் அச்சடித்திருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். சாதாரண வெள்ளை பி.வி.சி. சுடுதண்ணிக்கு ஆகாது, சூட்டில் இளகிவிடும். பெரியவர் சொன்ன இன்னொன்று: மேல் டேங்க்கிலிருந்து தானாக இறங்கி வருகிற தண்ணிக்கு அரை இஞ்ச் பைப் ஓட்டாதீர்கள். பாயின்ட் வரைக்கும் முக்கால் இஞ்ச், பாயின்ட்டில் மட்டும் முக்காலுக்கு அரை பிராஸ் எல்போ, அதாவது ஒரு வாய் முக்கால் இஞ்ச், மறுவாய் அரை இஞ்ச் இருக்கிற பித்தளை முழங்கை. பிளாஸ்டிக் மரை இருக்கிற எல்போ விலை குறைவு. ஆனால் நாளைக்கு யாராவது ஸ்பேனரில் ஒரு சுற்று அதிகம் முறுக்கினால் சுவருக்குள்ளேயே விரிசல் விடும். அந்த இடத்தில் நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

சுவரில் கோடு போட்டு, கிரைண்டரில் இரண்டு பக்கமும் அறுத்து, நடுவில் உளியால் தட்டினோம். பையன் தட்ட நான் தண்ணீர் தெளித்தேன். அப்படியும் அந்தச் செங்கல் தூசி பூஜை அலமாரி வரை போயிருந்தது. அத்தை நான்கு நாள் பேசவில்லை.

ஒட்டுகிற வேலைதான் எனக்குப் பிடித்துப் போனது. பைப்பை நேராக வெட்டி, உள்ளேயும் வெளியேயும் பிசிறைக் கத்தியால் சுரண்டி, காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். பசை போடுவதற்கு முன் சும்மா நுழைத்துப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கும் இரண்டு பங்குக்கும் நடுவே ஓரிடத்தில் நின்றுவிடும். அப்படி நின்றால்தான் சரியான பிடிப்பு. முழுசாகக் கடைசி வரை வழுக்கிக்கொண்டு போனால் அந்த ஃபிட்டிங்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு ஃபிட்டிங்கின் உள்ளே மெலிசாக, பைப்பின் மேலே தாராளமாக சால்வென்ட் தடவி, கால் சுற்றுத் திருப்பிக்கொண்டே கடைசி வரை அழுத்தி, முப்பது எண்ணும் வரை கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் பைப் தானாகப் பின்னால் நழுவும். கண்ணெதிரே நழுவும். முதல் ஜாயின்ட்டில் அதைப் பார்த்துவிட்டு, அடுத்து ஒவ்வொன்றுக்கும் முப்பதுக்குப் பதில் கந்தர் சஷ்டி கவசத்தில் நாலு வரி முணுமுணுத்தேன். கணக்குக்குக் கணக்கு, புண்ணியத்துக்குப் புண்ணியம். ஷெட்டில் கிடந்த பழைய பி.வி.சி. சால்வென்ட் டப்பாவைப் பையன் தூக்கிக்கொண்டு வந்தான். இரண்டும் வேறு வேறு. டப்பாவில் சி.பி.வி.சி. என்று போட்டிருக்க வேண்டும்.

பாயின்ட் வைக்கிற இடத்தில்தான் பிளம்பரின் கைப்பழக்கம் இல்லாதது தெரியும். எல்போ இரண்டும் ஒரே மட்டத்தில், ஆறு இஞ்ச் தள்ளி, டைல்ஸ் முகத்துக்குச் சமமாக வந்து நிற்க வேண்டும். ஆனால் அப்போது டைல்ஸும் இல்லை, பூச்சும் இல்லை, செங்கல்தான் இருக்கிறது. பூச்சுக்கு அரை இஞ்ச், ஒட்டுகிற பசைக்கும் டைல்ஸுக்கும் சேர்த்து இன்னொரு அரை இஞ்ச் என்று மனசுக்குள் சுவரைக் கட்டிப் பார்த்து, செங்கல்லிலிருந்து ஒரு இஞ்ச் வெளியே நீட்டினோம். இதற்காகப் பெரியவர் ஓர் இரும்புப் பட்டை கொடுத்திருந்தார். ஆறு இஞ்ச் இடைவெளியில் இரண்டு துளை, துளைக்கு ஒரு நிப்பிள். அதை இரண்டு எல்போவிலும் முறுக்கிவிட்டு, மேலே ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவுக்கு வந்ததும் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டால், காய்கிறவரை நகராது. "திருப்பிக் கொண்டாந்து குடுத்தாப் போதுங்க" என்று சும்மாவே கொடுத்தார். மிக்ஸரோடு வருகிற லெக் (மிக்ஸரைப் பாயின்ட்டோடு இணைக்கிற குட்டைத் துண்டு) கொஞ்சம் கோணலாக இருப்பதே சின்னச் சின்னப் பிசகைச் சரிக்கட்டத்தான். இருந்தாலும் அதை நம்பி வெறும் கண் மதிப்பில் வைத்துவிடாதீர்கள்.

இப்போது டெஸ்ட் பம்ப், பைப்புக்குள் தண்ணியை அழுத்தி ஏற்றிக் கசிவு பார்க்கிற கருவி. எல்லாவற்றையும் விட இதற்குத்தான் முழு ஐந்து நட்சத்திரம். ஒரு தகரத் தொட்டி, ஒரு கைப்பிடி, ஒரு மீட்டர், ஒரு ஹோஸ். நாள் வாடகை 300, முன்பணம் ஆயிரம். பாயின்ட் எல்லாவற்றையும் பிளக் போட்டு மூடி, ஒன்றில் மட்டும் ஹோஸை மாட்டி, காற்றை வெளியேற்றிவிட்டு அடித்தால் முள் ஏறும். சால்வென்ட் போட்டு ஒரு நாள் முழுக்கக் காயவிட்ட பிறகுதான் அடிக்க வேண்டும். ஏழு கிலோ வரை ஏற்றினோம். ஏழு கிலோ என்றால் மொட்டை மாடிக்குப் பதில் 230 அடி உயரத்தில் டேங்க் வைத்ததற்குச் சமம். எந்த ஷவருக்கும் இது தேவையில்லை. ஆனால் டைல்ஸ் ஒட்டிய பிறகு கசிகிற ஜாயின்ட், ஒட்டுவதற்கு முன்னாலேயே கசிந்துவிட வேண்டும், அதற்குத்தான்.

ராத்திரி ஒன்பதரைக்கு ஏழில் நின்ற முள், காலையில் நாலில் கிடந்தது. வயிறு கலங்கிவிட்டது. பதினாறு ஜாயின்ட், எதைப் பிரிப்பது? அன்று சாயங்காலம், ஒவ்வொரு ஜாயின்ட்டுக்குக் கீழேயும் ஒரு சதுரம் நியூஸ் பேப்பர் ஒட்டி, மறுபடி ஏழு ஏற்றிவிட்டுப் படுத்தோம். விடிந்ததும் பார்த்தால் பதினைந்து காய்ந்திருந்தன. ஷவர் பாயின்ட்டுக்குக் கீழே இருந்ததில் மட்டும் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஈரம். சால்வென்ட் ஜாயின்ட் இல்லை, பிளக்கில் டெஃப்லான் டேப் பத்தவில்லை. அதிலும் பையன் டேப்பை எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தான்; முறுக்க முறுக்க அது பிரிந்துகொண்டு வந்தது. மரை நம் முகத்தைப் பார்த்து இருக்கும்படி பிடித்து, கடிகார முள் போகிற பக்கமாகச் சுற்ற வேண்டும். பிரித்து, பன்னிரண்டு சுற்றுச் சுற்றி மாட்டினோம். மறுநாள் காலை முள் ஏழிலேயே நின்றது. மூன்று நாள் வாடகை ஆகியும், இரண்டு நாளுக்குத்தான் வாங்கிக்கொண்டார்கள்.

பூச்சு, டைல்ஸ் வேலைக்கெல்லாம் ஆள் வைத்துவிட்டோம். அதில் சொல்ல ஒன்றுமில்லை. நன்றாகச் செய்தார்கள், சொன்ன நாளில் வந்தார்கள், அதுவே அதிசயம்.

மிக்ஸரை மாட்டி, பையன்தான் முதலில் குளித்தான். இரண்டு நிமிஷத்தில் உள்ளேயிருந்து "அம்மா, கீசர் போட்டியா இல்லியா?" என்று சத்தம். போட்டுத்தான் இருந்தது, ஐம்பது டிகிரி. ஷவரில் பச்சைத் தண்ணிதான் விழுகிறது. சுடுதண்ணிக் கைப்பிடியை முழுசாகத் திறந்தாலும் அதே கதை. ஆனால் வாளிக்கு மாற்றினால் நல்ல சூடாக வருகிறது. பச்சைத் தண்ணியை முழுசாக மூடிவிட்டு ஷவரைத் திறந்தால், நூலாகச் சுடுதண்ணி வருகிறது. பச்சைத் தண்ணியைக் கொஞ்சம் திறந்ததும் சூடு காணாமல் போகிறது. இதைப் பார்த்தால் எந்த மனுஷனுக்கும் மிக்ஸர் மேல்தானே சந்தேகம் வரும்? அன்று ராத்திரியே அந்த ஒற்றை நட்சத்திரத்தைப் போட்டுவிட்டுத்தான் தூங்கினேன்.

மறுநாள் கார்ட்ரிட்ஜ் இரண்டையும் கழற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். முன் கவுண்டர் இளைஞர் மறுபேச்சுப் பேசாமல் வேறு இரண்டு எடுத்துக் கொடுத்தார். (இந்த முறை என்னைப் பார்த்தே பேசினார்.) மாட்டினோம். அதே கதை.

இதற்கு நடுவில் சமையலறையில் தனியாக ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. "ஏன் கண்ணு, நாலு விசில் விட்டும் பருப்பு வேகவே மாட்டீங்குது" என்று அத்தை இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பழைய பருப்பாக இருக்கும் என்றேன். மூன்றாம் நாள், "தண்ணி லேசா கரிக்குது. வெதுவெதுன்னும் வருது" என்றார். நான் மத்தியானம் அதே குழாயில் பிடித்துக் குடித்துப் பார்த்தேன், தேனாக இருந்தது. வயசானவர், நாக்கு மரத்துவிட்டது என்று நினைத்தேன். தை மாதம் காலை ஏழு மணிக்குக் குழாய்த் தண்ணி வெதுவெதுப்பாக வருகிறது என்று ஒருவர் சொன்னால், யாருக்கும் ஒரு பொறி தட்ட வேண்டும். எனக்குத் தட்டவில்லை.

நான்காம் நாள் மறுபடி கடை. பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கார்ட்ரிட்ஜை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "ஏனுங்க அம்மணி, ரெண்டு லைனும் ஒரே டேங்க்குல இருந்துதான வருது?"

இல்லை. கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் வீட்டுக்கு இரண்டு தண்ணி. சிறுவாணி, அதாவது சிறுவாணி அணையிலிருந்து வரும் நல்ல தண்ணி. போர், அதாவது ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணி. நல்ல தண்ணி எப்போதாவதுதான் வரும், குடிக்கவும் சமைக்கவும். அதற்கு ஒரு சின்ன டேங்க், 500 லிட்டர், மொட்டை மாடித் தரையில் இரண்டு வரிசைச் செங்கல் மேல் உட்கார்ந்திருக்கிறது. உப்புத் தண்ணிக்கு ஆயிரம் லிட்டர் டேங்க், மாடிப்படி அறையின் கூரை மேல். பழைய பாத்ரூமில் இரண்டு லைனும் உப்புத் தண்ணி டேங்க்கிலிருந்துதான் வந்தன. புதுசாகப் போடும்போது நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். உப்புத் தண்ணி கீசர் காயிலில் வெள்ளை வெள்ளையாகப் படிந்து இரண்டு வருஷத்தில் அதைத் தின்றுவிடுகிறதே, கீசருக்கு மட்டும் சிறுவாணியைக் கொடுத்தால் என்ன என்று, சமையலறைக்கு இறங்குகிற நல்ல தண்ணி லைனில் ஒரு 'டீ' (மூன்று வாய் இணைப்பு) போட்டுக் கீசருக்கு இழுத்துவிட்டேன்.

பெரியவர் பில் புத்தகத்தின் பின்பக்கம் இரண்டு டேங்க்கும் ஒரு ஷவரும் வரைந்தார். வீட்டுக்கு வந்து நான் டேப் வைத்து அளந்தேன். நல்ல தண்ணி மட்டம் ஷவருக்கு மேலே ஐந்தரை அடி. உப்புத் தண்ணி மட்டம் ஷவருக்கு மேலே பதினாலரை அடி. இரண்டும் மிக்ஸருக்குள் சந்திக்கின்றன. வாளி மூக்கு தாழ்வாக, அகலமாகத் திறந்திருப்பதால் இரண்டு தண்ணியும் தடையில்லாமல் விழுந்துவிடும். ஆனால் ஷவர் உயரத்தில் இருக்கிறது, ஊசி ஊசித் துளைகள். தண்ணி சட்டென்று வெளியேற முடியாமல் மிக்ஸருக்குள் அழுத்தம் ஏறுகிறது. பதினாலரை அடிக்காரன் தள்ளுகிற தள்ளில் ஐந்தரை அடிக்காரன் வாசலைத் தாண்டவே முடியாது. தாண்டாவிட்டால்கூடப் பரவாயில்லை, உப்புத் தண்ணி சுடுதண்ணி லைன் வழியாக ரிவர்ஸில் ஏறி, கீசருக்குள் புகுந்து, அந்தப் பக்கமாக வெளியே வந்து, நல்ல தண்ணி லைனுக்கே போகிறது. பையன் குளிக்கிற ஏழு மணிக்குத்தான் அத்தை பருப்புக்குத் தண்ணி பிடிப்பார். அவனுக்குப் போக வேண்டிய சூடு, போர் உப்பையும் சேர்த்துக்கொண்டு குக்கருக்குள் போயிருக்கிறது. கடின நீரில் பருப்பு லேசில் வேகாது. மத்தியானம் யாரும் குளிக்காததால் நான் பிடித்தபோது நல்ல தண்ணி.

கீசருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு வால்வு வரும், கீசர் பெட்டியிலேயே கொடுப்பார்கள். தண்ணியைத் திரும்பிப் போகவிடாது, சூட்டில் அழுத்தம் ஏறினால் அதை வெளியேற்றவும் செய்யும். அதில் ஓட்டை சின்னதாக இருக்கிறதே, ஏற்கனவே தண்ணி மெதுவாக வருகிறது, இது வேறு தடையா என்று நான்தான் மாட்டாமல் டிராயரில் போட்டு வைத்திருந்தேன்.

நான் பம்ப் கம்பெனியில் வேலை பார்ப்பதாகச் சொன்னேன் இல்லையா? எங்கள் இன்வாய்ஸில் ஒவ்வொரு பம்ப்புக்கும் எதிரே 'ஹெட்' என்று ஒரு கட்டம் இருக்கும். தண்ணியை எவ்வளவு உயரத்துக்குத் தள்ளும் என்கிற கணக்கு. ஒரு நாளைக்கு இருபது தடவை அதை டைப் அடிக்கிறேன். முப்பத்து மூன்று அடிக்கு ஒரு கிலோ அழுத்தம் என்பதும் தெரியும். பெரியவரிடம் நான் எங்கே வேலை செய்கிறேன் என்று கடைசி வரை சொல்லவில்லை.

நல்லவேளை, சரிசெய்ய சுவரை உடைக்க வேண்டியிருக்கவில்லை. மொட்டை மாடியில் டீயிலிருந்து கீசருக்குப் போன கிளையை அறுத்து, டீயின் அந்த வாயை எண்ட் கேப் போட்டு மூடிவிட்டு, கீசர் லைனை உப்புத் தண்ணி டேங்க்குக்கு மாற்றினோம். ஒரு சனிக்கிழமை மத்தியான வேலை, சாமான் 640 ரூபாய். டிராயரில் கிடந்த வால்வை மாட்டியாகிவிட்டது. வெயிலில் கிடக்கிற பைப்புக்கு மேலே வெள்ளை எமல்ஷன் பெயின்ட் ஒரு கோட். நல்ல தண்ணி டேங்க்கைக் காலி பண்ணிக் கழுவி, சிறுவாணி வருகிறவரை மூன்று நாள் கேன் தண்ணி வாங்கினோம். நல்ல தண்ணி டேங்க்கை மேலே தூக்கி வைக்கலாமா என்றும் யோசித்தேன். குளிக்கிற அளவுக்கு எங்கள் தெருவில் சிறுவாணி வருவதில்லை. கீசர் காயிலை வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுரண்டிக்கொள்கிறேன், அது போதும்.

அன்று சாயங்காலம் ஷவரில் சூடும் பச்சையும் கலந்து, கைப்பிடி சொன்ன பேச்சைக் கேட்டு வந்தது. ஏழு மாதம் ஆகிறது. மிக்ஸரில் சொட்டு இல்லை, கைப்பிடி ஆடவில்லை, குரோம் அப்படியே இருக்கிறது. நாலரை நட்சத்திரம். அரை குறைத்தது அந்த ஃப்ளேஞ்ச்சுக்கு.

எட்டு இஞ்ச் மழை ஷவருக்கு இரண்டுதான். அது ஷவர் குற்றமில்லை. பிரஷர் பம்ப் வைத்தவர்கள் வீட்டில் அருவியாகக் கொட்டலாம். பதினாலரை அடி என்பது அரை கிலோ அழுத்தம்கூட இல்லை. அத்தனை துளைக்கும் அதைப் பங்கு போட்டால் ஓரத்துத் துளைகளில் தண்ணி விழவில்லை, வழிந்தது. மழை இல்லை, ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்தில் மழை விட்ட பிறகு சொட்டுமே, அது. 1,650 ரூபாய்க்கு வாங்கியதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, 620 ரூபாய் நாலு இஞ்ச் ஷவர் வாங்கிக்கொண்டேன். பயன்படுத்தியதை மாற்றித் தந்தார்கள், மீதிக் காசும் கொடுத்தார்கள். சின்ன ஷவரில் தண்ணி முதுகில் தட்டுகிற மாதிரி விழுகிறது. போர்த் தண்ணிக்காரர்கள் துளைகளில் சிலிக்கான் முனை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வாரம் ஒருமுறை கட்டை விரலால் தேய்த்தால் உப்பு உதிர்ந்துவிடும். வெறும் உலோகத் துளை என்றால் ஊசி வைத்துக் குத்திக்கொண்டு உட்கார வேண்டும்.

வால்வு, பைப், மிக்ஸர், ஷவர், வாடகை எல்லாம் சேர்த்துப் பதிமூன்றாயிரத்துக்குள் முடிந்தது, டைல்ஸ் தவிர. பிளம்பர் கேட்ட கூலிக்கும் குறைவு. அவர் இன்னும் நாளைக்கு வருகிறார்.

கடைக்குப் போகிறவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணி வரை திறந்திருக்கும். பெரியவர் பதினோரு மணிக்கு டீ குடிக்கப் போனால் பன்னிரண்டுக்குத்தான் வருவார், காத்திருங்கள். டெஸ்ட் பம்ப் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, முதல் நாளே போன் செய்து சொல்லி வைக்க வேண்டும். போகும்போது உங்கள் வீட்டு டேங்க் எது, எவ்வளவு உயரம் என்று அளந்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். அவர் எப்படியும் கேட்பார்.